அரங்கேற்றமா, ரங்கப்பிரவேசமா? பத்திரிகை அச்சுக்குப் போகுமுன் ஒரு சந்தேகம்

அல்சூர்வாசி கேட்டது:

எல்லோருக்கும் வணக்கம். பெண்ணுக்குப் பதினான்கு வயது, அடுத்த மாதம் பரதநாட்டிய அரங்கேற்றம். மல்லேஸ்வரம் பக்கம் ஒரு மண்டபம் கிடைத்துவிட்டது, பக்கவாத்தியம் பேசியாயிற்று, சாப்பாட்டுக்காரர் முன்பணமும் வாங்கிவிட்டார். பத்திரிகை மட்டும்தான் இழுத்துக்கொண்டே போகிறது. ஆங்கிலம், கன்னடம், தமிழ் என்று மூன்று பக்கம் போடுகிறோம். கன்னடப் பக்கத்தில் அச்சகத்துப் பையன் எங்களைக் கேட்காமலே 'ரங்கப்பிரவேஷ' என்று போட்டுவிட்டான். தப்பில்லை, பெங்களூரில் பாதிப் பத்திரிகைகளில் அப்படித்தான் இருக்கிறது. ஆனால் அதை ஆபீஸில் காட்டியபோது மைசூர்க்கார நண்பர் ஒருவர், "உங்க தமிழ் வார்த்தையும் இதேதானே, எங்க ரங்கத்துக்கு முன்னாடி ஒரு 'அ' ஒட்டவெச்சிட்டீங்க" என்று சிரித்தார். எனக்குச் சட்டென்று பதில் வரவில்லை, டீயைக் குடித்துவிட்டு வந்துவிட்டேன்.

வீட்டில் கேட்டால் இன்னும் குழப்பம். இங்கே சிலர் கன்னட எழுத்தில் 'ஆரங்கேட்ரம்' என்று எழுதுகிறார்கள் அல்லவா, அதைப் பார்த்த மைத்துனர் "ஆரம் என்றால் மாலை, மாலை போட்டு ஏற்றுவது, அதான் அர்த்தம்" என்று அடித்துச் சொல்கிறார். மனைவி கேட்டதுதான் எனக்கு நியாயமான கேள்வியாகப் பட்டது. அவள் சின்ன வயதில் கும்பகோணத்தில் நாலு வருஷம் ஆடக் கற்றுக்கொண்டு அரங்கேற்றத்துக்கு முன்னாலேயே நிறுத்தியவள். "மேடை ஏறுறது பொண்ணுதானே, அப்ப அரங்கேறல்னுதானே இருக்கணும்? ஏற்றம்னா வேற யாரோ தூக்கி ஏத்துற மாதிரி இல்ல இருக்கு?" என்கிறாள்.

தெரிந்தவர்கள் சொல்லுங்கள். தமிழ்ப் பக்கம் வெள்ளிக்கிழமைக்குள் போக வேண்டும்.

கரிசல்காட்டுக்காரன்:

மைத்துனரிடம் மாலையைக் கழற்றச் சொல்லுங்கள் சார், அது அரங்கு + ஏற்றம். ஆரமும் இல்லை அறமும் இல்லை.

'அரங்கு' என்றதும் நாம் மேடையையே நினைக்கிறோம். ஆனால் எங்கள் ஊர்ப்பக்கம், கோவில்பட்டி, திருநெல்வேலி வட்டாரத்தில், பழைய வீடுகளில் 'அரங்கு வீடு' என்று ஒன்று உண்டு. வீட்டுக்குள்ளேயே உள்ளடங்கி இருக்கும் அறை, வெளிச்சம் அவ்வளவாக வராது, நெல்லும் நகையும் பத்திரமும் அங்கேதான். பாட்டி வீட்டில் எங்களை அந்தப் பக்கமே விடமாட்டார்கள். அங்கே யாரும் ஆடவில்லை, பாடவில்லை, ஆனாலும் அரங்குதான்.

அப்புறம் குறள் 401. நம் அல்சூர் ஏரிக்கரையில் 2009இல் திறந்த சிலையாக நிற்கிறாரே, அவரே சொல்கிறார்: 'அரங்கின்றி வட்டாடி யற்றே நிரம்பிய நூலின்றிக் கோட்டி கொளல்.' கட்டம் கீறாமல் காய் உருட்டி ஆடுவது எப்படியோ அப்படித்தான், நிறையப் படிக்காமல் சபையில் போய்ப் பேசுவது. இங்கே அரங்கு என்பது தரையில் கீறிய கட்டம். அதே குறளில் சபையும் வருகிறது பாருங்கள், அரங்கேற்றப் பத்திரிகையில் போட இதைவிடப் பொருத்தமான குறள் கிடைக்காது, பெண்ணின் குருதான் கோபித்துக்கொள்வார்.

மூன்றாவது, ஆற்றுக்கு நடுவில் இருக்கும் திட்டு. திருவரங்கம் அதனால்தான் அரங்கம், காவிரியும் கொள்ளிடமும் சுற்றி ஓட நடுவில் நிற்கிறது. சிலப்பதிகாரத்தில் 'ஆற்றுவீ அரங்கத்து' என்று வருகிறது. உங்கள் மைசூர் நண்பருக்குப் பிடித்தமாதிரி சொல்ல வேண்டுமானால், ஸ்ரீரங்கப்பட்டணமும் காவிரித் தீவுதான், ஆதிரங்கம், மத்தியரங்கம், அந்தியரங்கம் என்று மூன்று ரங்கத்தையும் ஒரே ஆற்றில் வரிசையாகச் சொல்வார்கள்.

கட்டம், அறை, தீவு, மேடை. நாலிலும் பொது என்ன? சுற்றியிருப்பதிலிருந்து பிரித்து எல்லை கட்டின இடம். என் கணக்கில் அரங்கு என்றால் அதுதான், மேடை அதில் ஒரு வகை.

இலக்கணத்தொல்லை:

கரிசல்காட்டார் சொன்னது அழகாக இருக்கிறது, ஆனால் மைசூர் நண்பரை அவ்வளவு லேசாக விட முடியாது. வடமொழியில் 'ரங்க' என்பது நிறம், ஆடுகளம் இரண்டுக்கும் பழைய சொல், நாட்டிய சாஸ்திரத்திலேயே வருகிறது. தமிழில் ர எழுத்து சொல்லுக்கு முதலில் வராது, தொல்காப்பியம் இடம் கொடுக்கவில்லை. அதனால் வெளியிலிருந்து வரும் சொல்லுக்கு முன்னால் ஒரு உயிரெழுத்தை வைப்போம்: ராமன் இராமன், லோகம் உலோகம், ராஜா அரசன் என்று ஒரு வரிசை. அதே தடத்தில் ரங்கம் அரங்கம் ஆனது என்று சொல்கிறவர்கள் உண்டு. அரசனைப் பற்றியே இதே சண்டை நடக்கிறது, எந்தப் பக்கத்திலிருந்து எந்தப் பக்கம் போனது என்று. அதை இந்த இழையில் தீர்த்துவைக்க வேண்டாம், பத்திரிகை வெள்ளிக்கிழமை போக வேண்டும்.

நான் சொல்ல வந்தது வேறு. சண்டை முழுக்க முதல் பாதியில் நடக்கிறது, அர்த்தம் இருப்பது இரண்டாம் பாதியில். பிரவேசம் என்றால் நுழைவது. ஏற்றம் என்றால் நுழைவது இல்லை, உயரமான ஒன்றின் மேல் கால் வைப்பது. ஒடிசிக்காரர்களும் 'மஞ்ச் பிரவேஷ்' என்கிறார்கள், அதுவும் நுழைவுதான். ஏற்றுகிற கணக்கு நமக்கும் மலையாளத்துக்கும் மட்டும்தான். அவர்கள் கதகளி, செண்டை எல்லாவற்றுக்கும் அரங்ஙேற்றம் என்கிறார்கள், கிரிக்கெட்டில் ஒரு பையன் இந்திய அணிக்கு முதல் ஆட்டம் ஆடினால் அதற்கும் அதே சொல்லைப் பத்திரிகையில் போடுகிறார்கள்.

உங்கள் மனைவியின் கேள்விக்கு: ஆடு, ஆட்டம், மாறு, மாற்றம், அந்த மாதிரி ஏறு, ஏற்றம். மலையேற்றம் என்றால் ஏறுவது நாம்தான், யாரும் தூக்கவில்லை. ஆனால் கொடியேற்றம் என்கிறோம், கொடி தானாக ஏறுமா? ஏற்று என்ற வினையிலிருந்தும் அதே ஏற்றம்தான் வரும். ஆக இரண்டு அர்த்தமும் சரி. உங்கள் வீட்டம்மாவுக்கு நல்ல காது.

ஏடுபுரட்டி:

நான் ஸ்ரீராமபுரம், பழைய புத்தகக் கடையில் வாழ்க்கையைத் தொலைத்தவன், கொஞ்சம் நீளமாகப் போகும், பொறுத்துக்கொள்ளவும்.

சிலப்பதிகாரத்தில் மூன்றாவது காதையின் பெயரே 'அரங்கேற்று காதை'. அரங்கேறு காதை இல்லை, அரங்கேற்று. மாதவியை மேடையில் ஏற்றுகிற கதை. ஏற்றுகிறவர்கள் யார் என்று இளங்கோ ஒவ்வொருவராக நிறுத்தி இலக்கணம் சொல்கிறார்: ஆடலாசான், இசையாசிரியன், பாட்டெழுதும் புலவன், தண்ணுமைக்காரன், குழல்காரன், யாழ்காரன். மாதவி ஆடத் தொடங்குவதற்கு முன்னால் இத்தனை பேருடைய தகுதியும் வந்துவிடுகிறது. நம் பத்திரிகையில் பெண்ணின் படத்தைப் பெரிதாகப் போட்டுவிட்டு மிருதங்கக்காரர் பெயரைப் பூதக்கண்ணாடி வைத்துப் பார்க்கும்படி போடுகிறோமே, இளங்கோ அப்படிச் செய்யவில்லை.

ஏழாண்டு பயிற்சி, பன்னிரண்டு வயதில் மேடை: 'ஏழாண்டு இயற்றிஓர் ஈராறு ஆண்டில் சூழ்கழல் மன்னற்குக் காட்டல் வேண்டி.' 'காட்டல் வேண்டி' என்ற இடத்தைக் கவனியுங்கள். சோழ மன்னனுக்குக் காட்டி, அவன் பார்த்து ஒப்புக்கொள்ள வேண்டும்.

மேடைக்கும் அளவு இருக்கிறது. பொதியில் போன்ற மலையில் வளர்ந்த மூங்கில், கணுவுக்குக் கணு ஒரு சாண், அதில் இருபத்துநான்கு விரல் நீளத்துக்கு ஒரு கோல் வெட்டி அதால் அளக்க வேண்டும். ஏழு கோல் அகலம், எட்டு கோல் நீளம், ஒரு கோல் உயரம். ஒரு விரல் முக்கால் அங்குலம் என்று வைத்தால் பத்தரை அடிக்குப் பன்னிரண்டு அடி, உயரம் ஒன்றரை அடி. போக ஒரு வாசல், வர ஒரு வாசல். ஒருமுக எழினி, பொருமுக எழினி, கரந்துவரல் எழினி என்று மூன்று வகைத் திரை. தூணின் நிழல் ஆடுகிறவள் மேல் விழாதபடி விளக்கை நிறுத்த வேண்டும் என்பதுவரை எழுதிவைத்திருக்கிறார், நம் மண்டபத்து லைட்காரர்கள் அதைப் படித்தால் தேவலை.

உங்கள் சொல்லின் பிறப்பு எனக்குத் தெரிந்து அதற்குச் சற்றுத் தள்ளி ஒரு வரியில் இருக்கிறது. வாத்தியக்காரர்கள் எல்லோரும் முறைப்படி அவரவர் இடத்தில் நின்ற பிறகு, மாதவி 'வலக்கால் முன்மிதித்து ஏறி அரங்கத்து வலத்தூண் சேர்தல் வழக்கு' என்று வருகிறது. ஏறி, அரங்கத்து. இரண்டு சொல்லையும் முன்பின்னாகப் போட்டால் அரங்கேறி. வலது காலை முதலில் வைத்து ஒரு கோல் உயரம் ஏறுகிற அந்த ஒரு அடிதான் அரங்கேற்றம், ஆட்டம் அதற்கப்புறம்.

ஆடி முடித்ததும் பட்டம் 'தலைக்கோல்'. தோற்ற அரசனின் வெண்கொற்றக் குடையின் காம்பை எடுத்து, மணி பதித்து, பொன் தகடு போர்த்து, இந்திரன் மகன் சயந்தன் என்று நினைத்துப் பூசை செய்து, பட்டத்து யானையின் துதிக்கையில் கொடுத்து, பிறகு ஊர்வலமாகக் கொண்டுவந்து மேடையில் வைத்திருப்பார்கள். பிற்காலச் சோழர் கல்வெட்டுகளிலும் ஆடல் மகளிருக்குத் 'தலைக்கோலி' என்ற பட்டம் வருகிறது, ஆக அது வெறும் கவிதை இல்லை. கூடவே ஆயிரத்தெட்டுக் கழஞ்சு பொன்னும் ஒரு மாலையும். அந்த மாலையைத்தான் கூனி ஒருத்தி தெருவில் கொண்டுவந்து விலை கூற, கோவலன் வாங்கி, அப்புறம் நடந்தது எல்லோருக்கும் தெரியும். மைத்துனரின் மாலை கடைசியில் இப்படியாவது கதைக்குள் வந்துவிட்டது.

அல்சூர்வாசி:

ஏடுபுரட்டி சார், அசந்துபோனேன். பத்தரைக்குப் பன்னிரண்டா? எங்கள் ஃபிளாட்டில் சின்னப் படுக்கையறை அதே அளவுதான். இவள் அங்கேதான் கட்டிலைச் சுவரோடு தள்ளிவிட்டு ஆறு வருஷமாகத் தட்டிக்கொண்டிருக்கிறாள், கீழ்வீட்டுக்காரர் இரண்டு முறை மேலே வந்துவிட்டார்.

இலக்கணத்தொல்லை:

கட்டைவிரலால் அளந்தால் இன்னும் பெரிதாகும் சார். ஒரு அங்குலம் வைத்தால் கோல் இரண்டடி, மேடை பதினான்குக்குப் பதினாறு. ஹால் அளவு. கீழ்வீட்டுக்காரரிடம் சொல்ல வேண்டாம்.

ஜதிக்காரி:

நான் இந்த ஊரில் பதினெட்டு வருஷமாகச் சொல்லிக்கொடுக்கிறேன், எங்கே என்று சொல்லமாட்டேன். சொல்லின் பொருள் பற்றிப் பெரியவர்கள் சொல்லிவிட்டார்கள், நான் தொழில் பக்கம் சொல்கிறேன்.

முதலில் கச்சை கட்டுவது, சலங்கை பூஜை, இங்கே 'கெஜ்ஜெ பூஜெ' என்பார்கள். அது வேறு, அரங்கேற்றம் வேறு. சலங்கை பூஜையில் ஓரிரண்டு உருப்படி ஆடினால் போதும். அரங்கேற்றம் என்றால் முழு மார்க்கம்: அலாரிப்பு, ஜதிஸ்வரம், சப்தம், வர்ணம், பதம், ஜாவளி, தில்லானா, ஒரே ஆளாக. இந்த வரிசை தஞ்சை நால்வர் சின்னையா, பொன்னையா, சிவானந்தம், வடிவேலு ஒழுங்குபடுத்திக் கொடுத்தது. அவர்களில் சின்னையா மைசூர் அரசவைக்கு வந்தவர், அதையும் உங்கள் நண்பரிடம் சொல்லுங்கள், சொல் எந்தப் பக்கத்திலிருந்து போனதோ, வர்ணம் நம் பக்கத்திலிருந்துதான் போனது.

பழைய நாளில் இதை 'முடித்துவிட்டேன்' என்று பட்டம் வாங்குகிற மாதிரி யாரும் நினைக்கவில்லை. பரம்பரைக் குடும்பங்களில் பிள்ளைகள் சின்ன வயதிலேயே கோயிலில் அரங்கேறுவார்கள், அதிலிருந்துதான் தொழிலே தொடங்கும். பாலசரஸ்வதி அம்மா 1925இல் காஞ்சிபுரத்தில் அம்மன் சன்னிதியில் அரங்கேறியபோது ஏழு வயது. பத்து வருஷம் கழித்து 1935இல் அடையாறு பிரம்மஞான சபையில் ருக்மிணி தேவி ஆடினார், அப்போது அவருக்கு முப்பத்தொன்று. பரம்பரைக்கு வெளியே இருந்து வந்த ஒரு பெண் மேடை ஏறினார் என்று ஊரே பேசியது. 1947இல் தேவதாசிச் சட்டம் வந்து பெண்களைக் கோயிலுக்கு நேர்ந்துவிடும் பொட்டுக்கட்டுவது நின்றது. ஆட்டம் வேறு வீடுகளுக்குப் போயிற்று, ஏற்கெனவே ஆடிக்கொண்டிருந்த பல வீடுகள் மேடையிலிருந்து இறங்கிவிட்டன. இதை யாரும் பத்திரிகையில் போடமாட்டார்கள், ஆனால் ஏற்றத்தைப் பற்றிப் பேசும்போது இறக்கத்தையும் சொல்ல வேண்டும் என்று எனக்குத் தோன்றும்.

இப்போது நடப்பதைப் பற்றிக் கேட்டால் கோபம் வரும். பெண்ணுக்கு வர்ணத்தில் மூன்றாவது தீர்மானம், அதாவது ஜதியை முடிக்கும் அடவுக்கோவை, தாளத்தில் நிற்கவில்லை, ஆனால் நாலு புடவை மாற்றுகிறார்கள், வாசலில் செல்ஃபி எடுக்க ஒரு வளைவு, தாம்பூலப் பையில் குழந்தையின் படம் போட்ட கோப்பை. கர்நாடகத்தில் ஜூனியர், சீனியர், வித்வத் என்று அரசுத் தேர்வுகள் இருக்கின்றன, பரீட்சை அதுதான், அரங்கேற்றம் கல்யாணம் மாதிரி என்று பெற்றோர் முடிவுகட்டிவிட்டார்கள். பழைய அர்த்தப்படி பார்த்தால் இதுதான் பெரிய பரீட்சை, சபையில் உட்கார்ந்திருப்பவன் குறை சொல்லலாம். உங்களைச் சொல்லவில்லை அண்ணா, ஆறு வருஷம் படுக்கையறையில் தட்டின குழந்தை நன்றாகவே ஆடும்.

ஏற்றுவது யார் என்று கேட்டாரே உங்கள் மனைவி. என் அனுபவத்தில் ஏற்றுவது குருதான். தாளம் தட்டி ஜதி சொல்லும் நட்டுவாங்கத்துக்கு உட்கார்ந்தால் எனக்குத்தான் கை நடுங்கும், குழந்தைக்கு இல்லை.

பென்ஷன்வாங்கி:

எல்லோரும் ஆட்டத்திலேயே நிற்கிறீர்கள். அரங்கேற்றம் புத்தகத்துக்கும் உண்டு, தமிழில் அந்த வழக்கு இன்னும் பெரியது. தொல்காப்பியமே நிலந்தரு திருவிற் பாண்டியன் அவையில், அதங்கோட்டாசான் முன்னால் சொல்லி ஒப்புதல் பெற்றது என்று அதன் பாயிரம் சொல்கிறது. கம்பர் ராமாயணத்தை அரங்கேற்றியது திருவரங்கத்தில் என்பார்கள், தாயார் சன்னிதிக்கு எதிரே மண்டபத்தை இன்றும் காட்டுகிறார்கள். இரணியன் வதை வந்தபோது பக்கத்துச் சன்னிதியில் நரசிம்மர் தலையசைத்துச் சிரித்தார் என்று கதை. அரங்கத்தில் அரங்கேற்றம், கரிசல்காட்டார் சந்தோஷப்படுவார்.

சேக்கிழார் பெரிய புராணத்தைச் சிதம்பரத்தில் ஆயிரங்கால் மண்டபத்தில் சித்திரைத் திருவாதிரைக்குத் தொடங்கி அடுத்த சித்திரைத் திருவாதிரையில் முடித்தாராம். ஒரு வருஷம். உங்கள் நிகழ்ச்சி இரண்டரை மணி நேரம், அதற்குள் மாமா எழுந்து கார் சாவியைத் தேடுவார்.

எனக்கு ரொம்பப் பிடித்தது கச்சியப்ப சிவாசாரியார் கதை. காஞ்சிபுரம் குமரகோட்டத்தில் கந்தபுராணம் அரங்கேற்றம். முதல் பாட்டு, முதல் சொல், 'திகட சக்கரம்'. எழுந்தார் ஒருவர்: திகழ் + தசம் திகடசம் ஆவதற்கு எந்த இலக்கணத்தில் விதி? முருகனே எடுத்துக்கொடுத்த அடி என்று சொல்லிப் பார்த்தார், சபை ஒப்பவில்லை, ஒத்திவைத்துவிட்டார்கள். மறுநாள் சோழநாட்டிலிருந்து ஒரு புலவர் வந்து வீரசோழியம் என்ற இலக்கண நூலைப் பிரித்து இதோ விதி என்று காட்டினாராம். நடந்ததோ இல்லையோ, அரங்கேற்றம் என்றால் ஜனங்கள் என்ன நினைத்தார்கள் என்பது இந்தக் கதையில் தெரிகிறது. சாமி சொன்னாலும் சபை கேள்வி கேட்கும்.

புத்தகத்துக்குக் கால் இல்லை, அதனால் நூல் அரங்கேறாது, புலவர் அரங்கேற்றுவார். ஏற்று என்ற வினை நூலுக்குத்தான் கச்சிதமாகப் பொருந்துகிறது.

பிழைதிருத்தி:

சின்னப் புலம்பல். இவ்வளவு பெருமை உள்ள சொல்லை நம் செய்தித்தாள்கள் என்ன செய்திருக்கின்றன? 'கொடூரச் சம்பவம் அரங்கேறியது', 'துணிகரக் கொள்ளை அரங்கேற்றம்'. மாதவி வலது காலை வைத்த இடத்தில் இப்போது திருடன் காலை வைக்கிறான். இதே ஊரில் கன்னடப் பேப்பரில் தேர்தல் சமயத்தில் 'ரங்கேறிது' என்று போடுவார்கள், அது ரங்கு, நிறம் ஏறுவது, களை கட்டிவிட்டது என்று அர்த்தம். பார்க்க நம்முடையது மாதிரியே இருக்கும், பொருள் வேறு. அதுவாவது கொண்டாட்டமாக இருக்கிறது.

கொங்குப் பக்கம் வள்ளி கும்மி அரங்கேற்றம் பாருங்கள், ஊர்க்கூட்டம் நடுவில் நூறு பேர் ஒரே உடையில். அங்கே மேடையே இல்லை, தரைதான், ஆனாலும் அரங்கேற்றம்தான்.

கரிசல்காட்டுக்காரன்:

தரையில் வட்டம் கட்டினால் அது அரங்கு. நான் சொன்னதுதான்.

அல்சூர்வாசி:

எல்லோருக்கும் நன்றி, பத்திரிகை போய்விட்டது. தமிழ்ப் பக்கத்தில் அரங்கேற்றம், கன்னடப் பக்கத்தில் பையன் போட்டபடியே ரங்கப்பிரவேஷ, ஆங்கிலப் பக்கத்தில் நம் சொல்லையே ஆங்கில எழுத்தில். முதல் அச்சுப்படியில் 'அரங்கேறம்' என்று ஒரு ற் விழுந்துபோய் வந்தது, நல்லவேளை மனைவி பார்த்தாள். வாத்தியக்காரர்கள் பெயரை ஏடுபுரட்டி சார் சொன்னதற்கு மரியாதையாக இரண்டு அளவு பெரிதாக்கிவிட்டோம், படம் கொஞ்சம் சிறிதாயிற்று, பெண்ணுக்குத்தான் வருத்தம்.

மைசூர் நண்பரிடம் ஏற்றம், பிரவேசம் வித்தியாசத்தைச் சொன்னேன். "ஏறு நம்மகிட்டயும் இருக்கே, ஏறோதுதானே" என்றார். அவரும் குடும்பத்தோடு வருகிறார்.

ஒரு சந்தேகம் மிச்சம் இருக்கிறது. நேற்று மண்டபத்தைப் போய்ப் பார்த்தோம். பெண் இந்த இழையை முழுக்கப் படித்துவிட்டாள், வலது காலை வைத்து வலத்தூணுக்குப் பக்கத்தில் போய் நிற்பேன் என்கிறாள். தூணே இல்லை, அந்த இடத்தில் ஆளுயர ஸ்பீக்கர் நிற்கிறது. என்ன செய்ய?

ஏடுபுரட்டி:

ஸ்பீக்கரே வலத்தூண் என்று வைத்துக்கொள்ளச் சொல்லுங்கள், காலம் மாறிவிட்டது. ஆனால் இடத்தூணை மறந்துவிடாதீர்கள். அதே காதையில் இடப்பக்கத் தூணைச் சேர்ந்து 'தோரிய மகளிர்' நிற்கிறார்கள். முன்னால் ஆடி முதிர்ந்தவர்கள், இப்போது ஆடுகிறவளுக்குத் துணையாகப் பாடுகிறவர்கள். அந்தப் பக்கம் யாரை நிறுத்தப்போகிறீர்கள்?

அல்சூர்வாசி:

மனைவியிடம் காட்டினேன். "நான் எங்கே முதிர்ந்தேன், நாலு வருஷம்தானே" என்றாள். அப்புறம் கொஞ்ச நேரம் கழித்து, இடதுபக்கத் திரைக்குப் பின்னால் ஒரு நாற்காலி வேண்டும், தண்ணீர் பாட்டிலும் ஊக்கும் தன்னிடம்தான் இருக்கும், வேறு யாரும் அங்கே வரக்கூடாது என்று மண்டபத்துக்காரரிடம் போனில் சொல்லிவிட்டாள்.